டார்போல்ட்டன் செட்: இரண்டு ரீல் கைக்கு வந்தாயிற்று

அயர்லாந்து ஃபிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் 1934-ல் டெக்கா கம்பெனிக்காக வாசித்த ஒரு இசைத்தட்டுப் பக்கத்தைக் காதால் கேட்டே ஃபிடிலில் பழகி வருகிறேன். அதில் டார்போல்ட்டன், லாங்ஃபோர்ட் கலெக்டர், செய்லர்ஸ் பானெட் என்று மூன்று ரீல்கள் (வேகமான நடன மெட்டுகள்) அடுத்தடுத்து வரும். இப்படிக் கோத்து வாசிப்பதுதான் செட். முதல் இரண்டும் இப்போது தடங்கலில்லாமல் ஓடுகின்றன.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் என்று பெயர் பெற்ற பழைய 78 தட்டுகளின் உண்மையான வேகம் எப்போதும் 78-ஆகவே இருந்ததில்லை. அதனால் முதலில் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஒலிப்பதிவின் சுருதியை என் தந்திகளோடு சேர்த்தேன். அப்புறம் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் பாதியாக்கி, இரண்டிரண்டு பாராக (தாளக் கட்டாக) எடுத்துக்கொண்டேன்.

டார்போல்ட்டனின் ஆரம்பம் வெறும் இரண்டு சுரங்களின் பேச்சு. டி தந்தியில் 'ஈ', ஏ தந்தியில் 'பி', இரண்டுக்குமே முதல் விரல்தான். விரலை எடுத்து எடுத்து வைத்தால் வேகம் வராது. இரண்டு தந்திகள் மேலும் படுக்க வைத்துவிட்டு, தந்தி மாற்றும் வேலையை வலது மணிக்கட்டிடம் விட்டுவிட வேண்டும். சுரவரிசை ஈ டோரியன், அதாவது 'ஈ'-யில் தொடங்கும் டோரியன் என்ற மேற்கத்திய சுர அமைப்பு. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் 'ஈ'-யை ஷட்ஜமாக வைத்துப் பார்த்தால் கரகரப்பிரியாவின் அதே ஏழு சுரங்கள் கிடைக்கும். பிடிகளும் போக்கும் முற்றிலும் வேறு. ஆனால் விரல்கள் எங்கே விழும் என்பது உடனே புரிந்துவிடும்.

பெயர் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. டார்போல்ட்டன் என்பது அயர்ஷயரில் உள்ள ஒரு கிராமம். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1781-ல் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தது அங்கேதான். அங்கே 'டார்போல்ட்டன் லாட்ஜ்' என்ற பெயரில் வழங்கிய மெட்டுதான் கடல் தாண்டி அயர்லாந்து ரீலானது. ரீல் என்ற வகையே ஸ்காட்லாந்திலிருந்து வந்து அயர்லாந்தில் வேரூன்றியதுதான்.

ஆனாலும் இன்று இந்த மெட்டைச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவு வருவது கோல்மன்தான். 1891-ல் அயர்லாந்தின் ஸ்லைகோ கவுண்டியின் தெற்குப் பகுதியில், கில்லவில் பக்கத்தில் பிறந்தவர். அப்பா புல்லாங்குழல் வாசிப்பவர். கோல்மன் நன்றாக நடனமும் ஆடுவார். அந்தக் கால் தட்டு வில்லிலும் இருப்பதாகவே எனக்குக் கேட்கிறது. 1914-ல் அமெரிக்கா போனார், 1921-ல் ரெக்கார்டு கொடுக்க ஆரம்பித்தார், 1945-ல் நியூயார்க்கில் காலமானார்.

மூன்று ரீல் ஏன் என்று வாசிக்கும்போதே ஒரு கணக்குப் போட்டேன். ஒரு ரீலுக்கு எட்டு பார் கொண்ட இரண்டு பாகங்கள். ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்தால் 32 பார். பாருக்கு இரண்டு தாள அடி, நிமிடத்துக்கு 112 அடி என்று போனால் ஒரு சுற்றுக்குச் சுமார் 34 விநாடி. 10 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம்தான் கொள்ளும். அதாவது ஐந்து சுற்று. ஆடுபவர்கள் முன்னால் இருந்தால் ஒரே ரீலைத் திரும்பத் திரும்ப வாசிக்கலாம். தட்டை வாங்கி வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கு மெட்டு மாறினால்தான் விறுவிறுப்பு. ஈ டோரியனின் இறுக்கத்திலிருந்து ஜி மேஜருக்கும், அங்கிருந்து டி மேஜரின் வெளிச்சத்துக்கும் போகும் இந்த வரிசையை அவர் யோசித்துத்தான் அமைத்தார் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் அனுப்பிய இப்படிப்பட்ட தட்டுகளை அயர்லாந்தில் கிராமபோன் இருந்த வீடுகளில் கூடிக் கேட்டார்கள், கேட்டுக் கற்றார்கள். அதனால் பல ஊர்களின் சொந்த வாசிப்புப் பாணி பின்னுக்குப் போனது. அது நிஜமான இழப்பு. கோல்மனை எவ்வளவு நேசித்தாலும் அதைச் சொல்லாமல் விட முடியாது. தனித்தனியாகத் திரிந்த மூன்று மெட்டுகளும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டன. இன்றும் செஷன்களில், அதாவது வாசிப்பவர்கள் கூடி வாசிக்கும் இடங்களில், டார்போல்ட்டன் முடியும் இடத்தில், யாரும் சொல்லாமலே லாங்ஃபோர்ட் கலெக்டர் ஆரம்பித்துவிடும்.

அதிக உழைப்பு கேட்டது ரோல் என்ற அலங்காரம்தான். 'ஈ'-யில் ரோல் என்றால் ஒரே வில்லில் ஈ, அதற்கு மேல் சுரம், ஈ, திறந்த டி, மறுபடி ஈ. நடுவில் வரும் மேல் சுரமும் கீழ்ச் சுரமும் சுரமாகவே காதில் விழக் கூடாது, தந்தியில் ஒரு சுண்டு விழுந்த மாதிரி இருக்க வேண்டும். விரலை அழுத்தாமல் தட்டிவிட்டு எடுக்கப் பழகியதும் கோல்மனிடம் கேட்கிற அந்தத் துள்ளல் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஸ்லைகோ பாணியின் உயிரே அந்தத் துள்ளலில்தான் இருக்கிறது. வில்லில் போடும் ட்ரிப்லெட்டுக்கு (மூன்று விரைவான சுரங்களுக்கு) வில்லின் மேல் பாதியில் ஒரு விரற்கடை நீளமே போதும்.

அடுத்தது செய்லர்ஸ் பானெட். மெட்டு மனப்பாடம், இரண்டாம் பாகத்தில் வில் எங்கே திரும்புகிறது என்பதுதான் ரெக்கார்டின் இரைச்சலில் அமுங்கிவிடுகிறது. ஸ்லைகோ பாணியில் இப்போது வாசிப்பவர்களின் வீடியோக்களில் கையைப் பார்த்து அதைப் பிடிக்கப் போகிறேன்.