மரகதம் என்று கூப்பிட ஒரு ஆள்

மகள் பிறந்து நாற்பது நாள் ஆகிறது. பெயர் மரகதம். கேட்பவர்களில் பாதிப் பேர் கொஞ்சம் தயங்கி, "வீட்டுல கூப்பிடுற பேரா, இல்ல அதுதான் பேரா?" என்று கேட்கிறார்கள். அதுதான் பெயர். பின்னால் புதுப்பெயர் எதையும் ஒட்டவில்லை. என் அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர் இது. ஏன் வைத்தோம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

பாட்டிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே ஏழெட்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கு அவர் அம்மா, அம்மாவுக்கு அத்தை, எங்களுக்குப் பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பெரியம்மா. ஒரு நாள் போன் அடித்தது, நான் எடுத்தேன். வயதான ஒரு குரல் "மரகதம் இருக்காளா?" என்றது. அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். உடனே மறுபடி அடித்தது, இந்த முறை பாட்டியே எடுத்தார். பேசியது அவருடைய அக்கா. "சொல்லுக்கா" என்று பாட்டி சொன்ன விதத்தில் ஒரு சின்னப் பெண் இருந்தாள், அதற்கு முன்னால் நான் பார்த்தேயிராத ஒருத்தி. அந்த அக்கா போன பிறகு பாட்டி இன்னும் பதினோரு ஆண்டுகள் இருந்தார். அந்தப் பதினோரு ஆண்டும் அவரை "மரகதம்" என்று கூப்பிட வீட்டிலும் வெளியிலும் ஒருவரும் இல்லை. மருந்துச்சீட்டில் இருந்தது, வங்கிப் புத்தகத்தில் இருந்தது, யார் வாயிலும் இல்லை.

வயிற்றில் பெண்ணா பையனா என்று தெரியாமல் பெயர்ப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த மாதங்களில் இந்த போன்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. பெண் என்றால் இந்தப் பெயர்தான் என்று ஆறாம் மாதமே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன், கணவரிடம் சொல்லத்தான் எட்டாம் மாதம் ஆயிற்று.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "வகுப்பில் எல்லோரும் இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயரோடு இருப்பார்கள், இவள் மட்டும் பாட்டி மாதிரி நிற்பாளே" என்றார். நியாயமான கவலை. மரகதம், கனகம், சொர்ணம், பங்கஜம், கோமளம் என்று 'அம்'மில் முடியும் பெயர்கள் ஒரு தலைமுறைக்கே அடையாளம். அடுத்து வந்த பெண்கள் கவிதா, சுஜாதா, உமா என்று 'ஆ'வில் முடிந்தார்கள். அதனால் 'அம்' என்று கேட்டவுடனேயே காதுக்கு நரைத்த தலை தெரிகிறது. ஆனால் பெயருக்குத் தானாக வயதாவதில்லை, அதை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே வயதில் இருப்பதால்தான் அது வயதான பெயர். ஒரு குழந்தைக்கு வைத்தால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். அமெரிக்காவில் குழந்தைப் பெயர்களின் பட்டியல் 1880 முதல் ஆண்டுவாரியாக இருக்கிறது. 1880இல் எம்மா பெண் பெயர்களில் மூன்றாவது இடம். அப்புறம் பல தலைமுறைகள் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன. 2008இல் அதே எம்மா முதலிடம், 2014 முதல் 2018 வரை ஐந்து ஆண்டும் மறுபடி முதலிடம். யாரோ சிலர் முதலில் தைரியமாக வைத்திருப்பார்கள், இல்லையா?

சொல்லைத் தேடிப் பார்த்தபோது இன்னொன்றும் கிடைத்தது. மரகதம், கிரேக்கத்தின் ஸ்மரக்தோஸ், ஆங்கிலத்தின் எமரால்டு, ஸ்பானியப் பெண்பெயர் எஸ்மெரால்டா, எல்லாம் ஒரே பச்சைக் கல்லைச் சொல்லும் உறவுச் சொற்கள். கணவர் மனம் இறங்கியது இங்கேதான் என்று நினைக்கிறேன். எனக்கு அதைவிடப் பிடித்தது நம் வீட்டுக்குள்ளேயே புழங்கும் சொல். பேத்தி என்பது பெயர்த்தி. பேரன், பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் என்ற பொருளைச் சொல்லே சுமந்துகொண்டிருக்கிறது, நாம்தான் எழுத்தைக் குறைத்ததோடு அதையும் மறந்துவிட்டோம். சரியாகப் பார்த்தால் என் மகள் கொள்ளுப்பேத்தி, பெயர்த்தியாக இருக்க வேண்டியவள் நான். என் தலைமுறையில் விட்டதை அவளிடம் சேர்த்திருக்கிறேன்.

பழைய பெயர் எல்லாமே திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அம்மா வழியில் ஒரு பாட்டிக்குப் பெயர் போதும்பொண்ணு. வரிசையாகப் பெண்களே பிறந்த வீட்டில், இனிப் பெண் வேண்டாம் என்பதையே ஒரு குழந்தையின் தலையில் பெயராகக் கட்டிவிட்டார்கள். அவரை நினைத்து அழலாம், அவர் பெயரை இன்னொரு குழந்தைக்கு வைக்க முடியாது. பெயரை எடுப்பதற்கு முன் அது எப்படி வந்தது என்று வீட்டில் வயதானவர்களைக் கேட்டுவிடுங்கள். நான் அத்தையைக் கேட்டேன். பாட்டி பிறந்தபோது அவர் அப்பா ஆசை ஆசையாகத் தேடி வைத்த பெயராம் மரகதம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி. அப்படியே அத்தை மகளிடமும் கேட்டேன், அவளுக்கும் அது பாட்டி பெயர்தானே, தனக்கென்று எடுத்து வைத்திருந்தால்? அவள் "நீ வை, நான் வந்து கூப்பிடுறேன்" என்றாள்.

ஆங்கிலத்தில் எழுதுவதில் மட்டும் இரண்டு நாள் போனது. நடுவில் வரும் 'க'வுக்குக் 'கே'யா 'ஜி'யா? 'த'வோடு 'எச்' சேர்ப்பதா? பாட்டியின் தாள்களில் இரண்டு விதமாக இருந்து அவர் பட்ட பாடு தெரியும் என்பதால், முதல் விண்ணப்பம் நிரப்பும் முன்பே ஒன்றை முடிவு செய்து, இரு வீட்டாருக்கும் எழுதி அனுப்பிவிட்டோம்.

அப்பாவிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லவில்லை. குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொன்னேன். ஒன்றும் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதல் இரண்டு வாரம் "பாப்பா" என்றே கூப்பிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. பெற்ற அம்மாவின் பெயரை அவர் எழுபது வயதுவரை எத்தனையோ தாள்களில் எழுதியிருப்பார், ஒரு தடவைகூடச் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டார். போன வாரம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது குழந்தை அழும் சத்தம் கேட்டது. அவசரமாகத் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வருவதற்குள் அறையிலிருந்து அப்பாவின் குரல், மெதுவாக, பழக்கமில்லாத சொல்லைப் படிப்பது போல: "மரகதம்... அழாதம்மா, அம்மா வந்துடுவா."

நான் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார்.