சார்வாள் முறுக்கின பிளக்

சாரல் விழுந்தாச்சு, குத்தாலம் போயே ஆகணும் என்று பெரியப்பா தன் 97 மாடல் மாருதி எண்ணூறைக் கிளப்பினார். கல்லிடைக்குறிச்சியில் ஏறினோம். அம்பாசமுத்திரம் தாண்டுவதற்குள் வண்டி விக்க ஆரம்பித்தது. ரோட்டோர ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி, பானெட்டைத் திறக்கும் முன்பே "மிஸ்ஸிங் அடிக்கு சார்வாள், மூணு சிலிண்டர்ல ஒண்ணு கணக்குல இல்ல" என்றார். பெரியப்பாவிடம் கணக்குப் படித்தவர் அவர்.

சிலிண்டருக்கு ஒன்றாகப் பெட்ரோலுக்குப் பொறி வைக்கிற பிளக்குகளைக் கழற்ற ஆரம்பித்தார். ஓரத்துப் பிளக் இரண்டும் சமர்த்தாகக் கழன்றன. நடுப் பிளக் அசையவில்லை. அழுத்தின அழுத்தில் பாக்ஸ் ஸ்பேனரின் கம்பிதான் வளைந்தது.

எங்கிருந்துதான் வருவார்களோ, ஒரு கூட்டம் கூடிவிட்டது. "கம்பில நீளமா ஒரு பைப்பச் சொருவி ஒரே இழுப்பா இழும்வே" என்றார் டீக்கடைக்காரர். பஸ்ஸுக்கு நின்ற பெரியவர் தேங்காய் எண்ணெய்க்குச் சிபாரிசு செய்தார். ஒரு தம்பி போனைப் பார்த்தபடியே, "சூடா இருக்கும்போதே கழட்டணும் அண்ணாச்சி. அலுமினியம் இரும்ப விட ரெண்டு மடங்கு விரியுமாம்" என்றான்.

"விரியும் தம்பி. பிளக்கு மாட்டியிருக்க இஞ்சின் ஹெட்டு அலுமினியம், பிளக்கு இரும்பு. சூட்டுல லேசாத் திரும்பத்தான் செய்யும். ஆனா அலுமினியம் அப்ப இளகிக் கெடக்கும்லா, பிளக்கோட சேந்து ஹெட்டு மரையும் உருவிக்கிட்டு வந்துரும். பொறவு ஹெட்ட இறக்கி, லேத்துக்குத் தூக்கிட்டுப் போயி, புது மரைக்குப் புஷ்ஷு அடிக்கணும். ஒம் போனா வந்து அடிக்கும்?"

பிளக் குழியில் கிடந்த மண்ணைக் காற்றடித்து ஊதினார். இல்லாவிட்டால் பிளக் வந்ததும் அது நேராகச் சிலிண்டருக்குள்தான் விழுமாம். துரு எண்ணெயைப் பீய்ச்சிவிட்டு, "பைய ஊறட்டும், இஞ்சினும் ஆறட்டும்" என்று டீ குடிக்கப் போய்விட்டார். அந்த இடைவெளியில் பெரியம்மா புளியோதரைத் தூக்கைத் திறந்தாள். அருவிக்கரையில் சாப்பிட வைத்திருந்தது. பைப் யோசனைக்காரர்தான் அதிகம் சாப்பிட்டார்.

திரும்பி வந்த அண்ணாச்சி நூலிழை அளவுக்குத் திருப்பினார். கிறீச். உடனே திரும்ப உள்ளே முறுக்கினார். கொஞ்சம் எண்ணெய். மறுபடி வெளியே, மறுபடி உள்ளே.

"வெளிய எடுக்கதுக்கு எதுக்குவே உள்ள முறுக்குதீரு?"

"கரி மரைக்குள்ள சிக்கிக்கிடும்வே. உடைச்சு உடைச்சுத்தான் எடுக்கணும்" என்றவருக்கு அப்போதுதான் கோபம் ஏறியது. "இத மாட்டுனது எந்தக் கோட்டிக்காரப் பய சார்வாள்? பிளக்கக் கையாலயே கடைசி வரைக்கும் ஏத்தணும். வாஷர் ஒக்காந்த பொறவு ஸ்பேனர்ல ஒரு அரைச் சுத்து, அம்புட்டுதான். இவன் ஏறி மிதிச்சிருக்கான்."

பெரியப்பா மேற்கே மலையைப் பார்த்து, மேகம் நல்லா இறங்கியிருக்கு என்றார்.

பின்சீட்டிலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தாள்: "ஒங்க சார்வாள்தான்! மெக்கானிக்குக்கு எதுக்குத் துட்டுன்னு, பனியனோட நின்னு காலால மிதிச்சு மாட்டினாவ."

அண்ணாச்சி பானெட்டுக்குள் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவே இல்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

ஒருவழியாகப் பிளக் வந்தது, கரியைப் பூசிக்கொண்டு. டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தார். மரைக்குச் சேதமில்லை. கூட்டத்தில் யாரோ கைகூடத் தட்டினார்கள். புதுப் பிளக் பெட்டியைப் பிரிக்கப் போன அண்ணாச்சியின் கையைப் பெரியப்பா பிடித்தார். பழைய பிளக்கை வாங்கி ஊதினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏடே, இது நல்லாத்தான இருக்கு? உப்புத்தாள் போட்டுத் தேச்சா இன்னும் ஒரு வருசம் ஓடும்லா?"

அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. சார்வாள் கையிலிருந்து அதை மரியாதையாக வாங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வாழைத் தோட்டத்துக்குள் வீசினார்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "எலே, ரொம்பத் தூரம் போயிருக்காது. அங்கனதான் கெடக்கும், பாத்துட்டு வா."