அத்தையின் பாயும் ஒரு பாம்புச் சட்டையும்

அக்டோபர் 14
விறகு எடுக்கப் போன அத்தை கையில் ஒரு பாம்புச் சட்டையோடு வந்தார். முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது. கண் இருந்த இடத்தில் கண்ணாடித் துண்டு மாதிரி இரண்டு சின்ன வட்டங்கள். "கண்ணையும் சேர்த்தா உரிச்சுப் போட்டுடும்?" என்று மகள் கேட்டாள். அத்தைக்கு அது அம்மன் வந்துபோன அடையாளம். வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்ற வேண்டும் என்றார். எனக்கோ அவர் கூடத்தில் வெறும் பாயில் படுப்பதுதான் கண்முன் வந்தது. இன்னும் மூன்று நாளில் ஐப்பசி.

அக்டோபர் 15
பாம்பு வராமலிருக்க ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். பூண்டு கரைத்துத் தெளித்தேன், ஃபினாயில் ஊற்றினேன். வீடு நாறுகிறது, அவ்வளவுதான்.

அக்டோபர் 18
இரவு பத்து மணி. குளியலறைச் சுவரில் பழுப்பு உடம்பும் வெள்ளைப் பட்டையுமாக ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. "கட்டுவிரியன்!" என்று என் வீட்டுக்காரர் தடியை எடுத்துவிட்டார். அடிக்கப் போய்க் கடி வாங்குகிறவர்களும் உண்டு. கதவைச் சாத்திவிட்டு, ஏரிக்கரையில் இருக்கும், பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

டார்ச் அடித்துப் பார்த்ததுமே சொன்னார்: "விரியன் இல்லம்மா, வெள்ளிக்கோல் வரையன். விஷம் கிடையாது. பல்லி பிடிக்க வந்திருக்கு." இதற்குப் பட்டை கழுத்துப் பக்கம் பளிச்சென்று இருந்து, வால் பக்கம் போகப் போக மங்குமாம். கட்டுவிரியனுக்குத் தலையை ஒட்டிப் பட்டை இருக்காது, பின்னால்தான் தெளிவாகத் தெரியும், அதுவும் பெரும்பாலும் இரண்டிரண்டாக. "அதுக்காகக் கிட்டப் போய் எண்ணிக்கிட்டு நிக்காதீங்க" என்றும் சொன்னார். பையில் போட்டுக்கொண்டு போய்ப் புதரில் விட்டார்.

அக்டோபர் 19
அண்ணன் காலையில் தானாகவே வந்தார். விறகுக் குவியலுக்கு அடியில் எலி வளை. மண்வெட்டியால் வெட்டிக்கொண்டே போனால் உள்ளே தனி அறை மாதிரி ஒரு குழி, நிறைய நெற்கதிர்! நம் மூட்டையிலிருந்து போனதல்ல, வயலிலிருந்து கதிர் கதிராக அறுத்து வந்து அடுக்கி வைத்திருக்கிறது. "எலி இருக்கிற வரைக்கும் பாம்பு வரும்மா. நீங்க பாம்பைப் பாக்குறீங்க, நான் வளையைப் பாக்குறேன்."

டீ குடிக்கும்போது மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலி பற்றிச் சொன்னார். 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம். பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்து செய்ய அந்த விஷம்தான் போகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்ததைச் சொல்லும்போது சொந்த அண்ணன் தம்பி வாங்கியது போல முகம் மலர்ந்தது. இப்படிப்பட்டவர்களை நம் ஊரில் இன்னும் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசுகிறோம். எனக்கு அது தாங்கவில்லை.

அக்டோபர் 22
விறகு கல் மேல் ஏறியது. சாக்கடைக் குழாய் வாய்க்குக் கம்பி வலை, பின்கதவின் அடிச் சந்துக்கு ரப்பர் பட்டை. வீட்டுக்காரர் எலி மருந்து வைக்கலாம் என்றார். ஒத்துக்கொள்ளவில்லை. மருந்து தின்ற எலியை நம் பூனை தின்றால்? கருவாடு கட்டிய பொறியே போதும்.

அக்டோபர் 27
அத்தையோடு பெரிய வாக்குவாதம். "அறுபது வருஷமாத் தரையில படுத்தவளைப் பாம்பு இப்பத்தான் தேடி வரப்போகுதா?" கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும், கடித்த இடம் வீங்காது, வலியும் தெரியாமல் போகலாம் என்றேன். விடியும்போது வயிறு வலிக்கும், இமை தானாகச் சரியும். அப்போது கீறாமல், இறுக்கிக் கட்டாமல், உடனே 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எல்லாம் கேட்டுவிட்டுப் பாயை விரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நவம்பர் 2
விடாத மழை. மாலையில் தாத்தா காலத்துக் கட்டிலைத் துடைத்து, கூடத்தில் போட்டுக் கொசுவலை கட்டினேன். எதுவும் பேசவில்லை. ஒன்பது மணிக்கு உள்ளேயிருந்து குரல்:

"ஏம்மா, கால் பக்கம் வலை மெத்தைக்கு அடியில போகலை பாரு, வந்து சொருகிட்டுப் போ."