24 நிமிடத்தில் மூழ்கும் கிண்ணம்: நாழிகை வட்டில் செய்து பார்த்தது

அடியில் சிறு துளை போட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் மெல்ல நிறைந்து மூழ்கும். இப்படி நேரம் அளக்கும் பழைய நீர்க்கடிகாரம்தான் நாழிகை வட்டில். ஒரு மூழ்கல் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். பகலும் இரவும் சேர்ந்து 60 முறை. சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் சொல்லும் செப்புக் கிண்ணத்துக்கும் இதே கணக்குதான்.

எடுத்துக்கொண்டது நேர்ச்சுவர் எவர்சில்வர் கிண்ணம்: விட்டம் 9 செ.மீ., உயரம் 6 செ.மீ., எடை 110 கிராம். நேர்ச்சுவர் என்றால் உள்ளும் வெளியும் உள்ள நீர்மட்ட வித்தியாசம் (இங்கே சுமார் 1.6 செ.மீ.) கடைசிவரை பெரிதாக மாறாது. அதனால் நீர் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஏறும்.

துளையின் விட்டம் 0.8 மி.மீ. கணக்குப்படி 28 நிமிடம் வரும், 0.9 போட்டால் 22 நிமிடம்தான். சிறிய துளையே நல்லது, பெரிதானதைச் சுருக்க வழியில்லை. அடியில் மரக்கட்டை வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெதுவாகத் துளைக்க வேண்டும். பிசிறைத் தட்டையாகத் தேய்த்தால் போதும். துளையின் விளிம்பை உருட்டினால் ஓட்டம் கூடிவிடும்.

மிச்ச 4 நிமிடத்தை எடையால்தான் குறைக்கவேண்டும். ஒரு கிராம் செம்பு கூடினால் சுமார் 12 விநாடி குறையும். 25 கிராம் செப்புக் கம்பியை வளையமாகச் சுற்றி, துளையை மறைக்காமல் உள்ளே அடித்தட்டில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கலாம்.

முதல் முறை விடும்போது தண்ணீர் ஏறாமலே நிற்கும். அடைப்பு என்று நினைத்துத் துளையைப் பெரிதாக்கிவிடக் கூடாது! உலர்ந்த, எண்ணெய்ப் பசையுள்ள உலோகத்தில் 0.8 மி.மீ. துளைவழி வரும் நீர், பரப்பு இழுவிசையால் குமிழாக நின்றுவிடுகிறது. அதை உடைக்க 1.6 செ.மீ. அழுத்தம் போதாது. சீயக்காய் போட்டுத் தேய்த்து, உள்ளே நனைத்து, கவிழ்த்து உதறி ஈரத்தோடு விட்டால் உடனே ஏறும். ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றியும் தொடங்கலாம், ஆனால் அந்த 5 மி.லி. அரை நிமிடத்தைத் தின்றுவிடும். சாய்த்து இறக்கினால் அடியில் காற்று சிக்காது.

பெரிய பிழை வருவது வாய்விளிம்பில். கிண்ணம் இறங்குவது நிமிடத்துக்குச் சுமார் 1.7 மி.மீ.; விளிம்பில் 1 மி.மீ. பள்ளம் இருந்தால் 35 விநாடி முன்னதாகவே மூழ்கிவிடும். கண்ணாடிமேல் உப்புத்தாள் விரித்து, கவிழ்த்துத் தேய்த்துச் சமப்படுத்துவது துளையைவிட முக்கியமான வேலை. கம்பி வளையம் நடுவில் இல்லாவிட்டாலும் கிண்ணம் சாய்ந்து இதே கோளாறு வரும்.

போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படிந்து துளை சுருங்கும். உப்பில்லாத, வடிகட்டிய நீரை 15 செ.மீ. ஆழமாவது நிரப்பி, அடியில் துணி விரித்தால் விழும் கிண்ணத்தின் விளிம்பு நசுங்காது.