புல்லைவிடக் குளம்பு

வேலி போட்டு மாட்டை வெளியே நிறுத்தினால் புல் வளரும், புல் வளர்ந்தால் மண் நிற்கும். மேய்ச்சல் நிலத்தில் அளவெடுக்கும் வேலைக்கு வருகிற எல்லோரும் இந்தக் கணக்கோடுதான் வருகிறோம். மிக வறண்ட நிலத்தில் இந்தக் கணக்கின் நடுப்பகுதிதான் முதலில் ஆட்டங்காணும். புல் சொல்லிக்கொள்ளும்படி கூடியிருக்காது, ஆனாலும் ஓடுநீர், அதாவது மண்ணுக்குள் இறங்காமல் வழிந்தோடும் மழைநீர், குறைந்திருக்கும்.

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் மேற்குப் பகுதியில் கிராண்ட் ஜங்ஷன் நகரின் பக்கத்தில் உள்ள பேட்ஜர் வாஷ் என்ற ஓடைப்பகுதி. மழை குறைவு, அதிலும் ஓடையில் தண்ணீர் வர வைப்பது பெரும்பாலும் கோடை இடிமழைதான். மான்கோஸ் ஷேல் என்ற களிப்பாறை உதிர்ந்த உவர்மண், அதில் அங்கங்கே குட்டைப் புதர். 1953 முதல் அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை இங்கே நான்கு ஜோடி சிறு நீர்ப்பிடிப்புகளைக் கண்காணித்தது. ஜோடியில் ஒன்றுக்கு வேலி. மற்றதில் மாடும் செம்மறியும் வழக்கம்போல் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மேய்ந்தன. ஓடை வந்து சேரும் இடத்தில் மண்கரைக் குட்டை. குட்டையில் நீர்மட்டம் எவ்வளவு ஏறியது என்பதிலிருந்து ஓடுநீரும், அடித்தரையைத் திரும்பத் திரும்ப அளந்து பார்ப்பதிலிருந்து வண்டலும் கணக்காயின.

மேயாத பக்கத்தில் ஓடுநீர் சுமார் 30 சதவீதமும், வண்டல் சுமார் 45 சதவீதமும் குறைவாக இருந்தன. மாற்றத்தில் பெரும்பகுதி முதல் மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே வந்துவிட்டது. இவ்வளவுக்கும் வேலிக்குள் செடிகள் மூடிய பரப்பு பெரிதாகக் கூடவில்லை.

காரணம் மண்ணின் மேல்தோலில் இருக்கிறது. குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து விரியும், உருகிச் சுருங்கும். மாறி மாறி இப்படி நடக்கையில் ஷேல் மண் பொலபொலவென்று உப்பிவிடும். யாரும் மிதிக்காவிட்டால் அந்தத் தளர்ச்சி கோடை மழைவரை ஓரளவு தாங்கும். மழை உள்ளே இறங்கும். ஈரம் காயாத வசந்தத்தில் மந்தை நடந்தால் உப்பிய மண் மறுபடி கெட்டித்துப் போகும். அதன்மேல் விழும் மழைக்கு வழிந்தோடுவதைத் தவிர வேறு வழியில்லை. வண்டல் நீரைவிட அதிக விகிதத்தில் குறைவதும் இயல்புதான்: ஓட்டம் மெலிந்தால் மண்ணைச் சுமக்கும் திறன் அதைவிட வேகமாக மெலியும்.

இந்த வித்தியாசத்தைச் சிறு பாத்தியில், அதாவது சுற்றிலும் அடைத்து, வழியும் நீரைக் கீழ்முனையில் பீப்பாயில் சேர்க்கும் துண்டு நிலத்தில், பிடிப்பது வேறு வேலை. வழக்கமான பாத்தி 22.1 மீட்டர் நீளம், 1.83 மீட்டர் அகலம். ஏறக்குறைய 40 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். ஆக 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் பாத்தியில் விழுவது 1,000 லிட்டர். பாதி ஓடினாலும் 500. கீழே 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை மட்டும் வைத்திருந்தால், எந்த மழையை அளக்கக் காத்திருந்தோமோ அதுதான் வழிந்து வீணாகும். அதனால் முதல் பீப்பாயின் வாயில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் திறப்புள்ள பிரிப்பான் வைத்து, நடுத் திறப்பின் நீரை மட்டும் இரண்டாம் பீப்பாய்க்கு விடுகிறோம். ஒன்பது திறப்பு என்றால், மிஞ்சிய 300 லிட்டரில் அங்கே வருவது 33 லிட்டர் சுமார்; அதை ஒன்பதால் பெருக்கித்தான் மொத்தத்தைக் கணக்கிடுகிறோம். பிரிப்பான் மட்டம் சற்றுச் சாய்ந்திருந்தாலும், ஒரு திறப்பில் சருகு சிக்கினாலும், அந்தப் பிழையும் ஒன்பதால் பெருகும். மழைக்கு முன் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதை எவரும் விரும்பிச் செய்வதில்லை. செய்யாதவர்களின் எண்கள் பிறகு காட்டிக்கொடுத்துவிடும்.

மாதிரி எடுப்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். தெளிந்த நீரை மேலிருந்து மொண்டால் வண்டல் பாதிகூட வராது. நன்றாகக் கலக்கி, சுழல் அடங்குவதற்குள் ஒரு லிட்டர் எடுக்க வேண்டும். 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி எடை பார்க்க வேண்டும். லிட்டருக்கு 5 கிராம் என்றால் 500 லிட்டரில் 2.5 கிலோ, ஹெக்டேருக்கு சுமார் 625 கிலோ. கலக்கினாலும் எழாத அடிமணலைத் தனியே வழித்து எடைபோட்டுச் சேர்க்கவேண்டும்.

பாத்தி எண்ணை அப்படியே மலைச்சரிவு முழுவதற்கும் பெருக்குவது தவறு. சரிவில் அரித்த மண் புதரடியிலோ பள்ளத்திலோ தங்கிவிடலாம். ஓடைக்கரை இடிந்து வரும் மண் பாத்தியில் தெரியவே தெரியாது. பேட்ஜர் வாஷில் குட்டைகளை நம்பியதன் அருமை இங்கேதான்.

வேலியும் தன் பங்குக்குப் பொய் சொல்லும். வெளியே நிற்கும் மாடுகள் கம்பியை ஒட்டியே நடந்து தடம் போடும். மழையில் அந்தத் தடம் வாய்க்காலாகி நீரை அடுத்த நீர்ப்பிடிப்புக்குத் திருப்பினால் ஜோடி ஒப்பீடு கெட்டது. எல்லையை முகட்டுக் கோட்டில் வைத்து, தடம் விழுகிற இடங்களில் சிறு குறுக்கு வரப்பு போடுவது வழக்கம். முயலுக்கு இந்தக் கம்பி பொருட்டில்லை என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். முடிந்தால் வேலி போடுமுன்பே சில ஆண்டுகள் இரு பக்கத்தையும் அளந்து, இயல்பாக இருக்கும் வித்தியாசத்தைப் பிடித்துவிடவேண்டும். பணம் தருபவர்கள் இதற்குத்தான் முதலில் முகம் சுளிப்பார்கள்.

நிரந்தர வேலி எல்லோருக்கும் கட்டாது. மந்தை வைத்திருப்பவர் கேட்பது எத்தனை மாதம் விலக்கினால் போதும் என்பதைத்தான். உறைபனி தளர்த்திய மண்ணில் என்றால், உருகத் தொடங்கும் நாளிலிருந்து மேல்மண் காய்ந்து இறுகும்வரை மந்தையை வெளியே வைப்பதிலிருந்து தொடங்கலாம். குச்சியால் குத்திப் பார்த்தால் போதும். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நாளாகவில்லை.