சுருட்டப்பள்ளி, நாகலாபுரம்: கவுன்சலிங் காத்திருப்பில் ஒரு நாள்

பொறியியல் கவுன்சலிங்குக்கான சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்துவிட்டது. தரவரிசைப் பட்டியலில் பெயரும் வந்துவிட்டது. இனி நம் சுற்று தொடங்கும்வரை கையில் ஒரு வேலையும் இல்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளையைப் பெற்றவர்களுக்கு வருடத்திலேயே நீளமான நாட்கள் இவைதான். வட சென்னை, திருவள்ளூர் பக்கத்துக்காரர்கள் இந்த நாட்களில் ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திர எல்லை தாண்டி ஒரு நாளில் பார்த்துத் திரும்பக்கூடிய இரண்டு கோயில்கள் சுருட்டப்பள்ளியும் நாகலாபுரமும். ஒன்றில் தட்சிணாமூர்த்தி, இன்னொன்றில் வேதத்தை மீட்டுக் கொடுத்த பெருமாள். படிப்புக்காக வேண்டிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான ஜோடி இந்தப் பக்கத்தில் இல்லை.

பஞ்சாங்கம் பார்க்கும் முன் கவுன்சலிங் அட்டவணையைப் பாருங்கள். பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்ப 3 நாள்தான். அது முடிந்து தற்காலிக ஒதுக்கீடு வந்தால், உறுதி செய்ய 2 நாள். அதைத் தவறவிட்டால் கிடைத்த இடம் போய்விடும். உறுதி செய்த பிறகு கல்லூரிக்கோ சேவை மையத்துக்கோ போய்ப் பணம் கட்டுவதற்கும் கெடு உண்டு. இந்த நாட்களில் கோயிலுக்குக் கிளம்பவே கூடாது. பதிவு செய்த எண் பெரும்பாலும் அப்பாவுடைய கைபேசி; ஓடிபி அதற்குத்தான் வரும். அப்பா பிரதோஷக் கூட்டத்தில் போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு நிற்க, பிள்ளை வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து அழும் கதை வருடா வருடம் எங்காவது நடக்கிறது.

தரவரிசை வெளியானதும் குறை சொல்லக் கொடுக்கும் சில நாட்களும் அப்படித்தான். மதிப்பெண், சாதிப் பிரிவு, அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலில் பெயர், இவை மூன்றும் சரியா என்று பார்த்த பிறகே மற்றது. கட்-ஆஃப் 200க்கு எவ்வளவு என்பதை நீங்களும் ஒரு முறை கையால் கூட்டிப் பாருங்கள்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இரண்டாம், மூன்றாம் சுற்றில் வருபவர்களுக்கு முதல் சுற்று நடக்கும் நாட்கள் முழுக்க ஓய்வுதான். பயணத்துக்கு அதுவே நல்ல நேரம்.

கிழமை வியாழன் என்றால் தட்சிணாமூர்த்திக்கு விசேஷம். பிரதோஷம் என்றால் சுருட்டப்பள்ளிக்கே விசேஷம், கூட்டமும் அப்படியே. சனிப் பிரதோஷத்தில் நிம்மதியாக நிற்க முடியாது. ஞாயிறு வேண்டவே வேண்டாம். கலந்தாய்வு நடக்கும் ஜூலை, ஆகஸ்ட்டில்தான் ஆடி மாதம். ஊத்துக்கோட்டைச் சாலையில் நடுவே இருப்பது பெரியபாளையம் பவானி அம்மன். ஆடி ஞாயிறுகளில் வேப்பிலையும் மஞ்சள் சேலையுமாக வண்டி வண்டியாக ஜனம் இறங்கும். சனிக்கிழமை ராத்திரியே சாலை அடைத்துவிடும்.

பஸ்ஸில் போவதானால் மாதவரம் பேருந்து நிலையத்திலிருந்து ஊத்துக்கோட்டை வழி திருப்பதி போகும் ஆந்திர வண்டிகள் இருக்கின்றன. திருப்பதிக்கே வேறு வழியில் போகும் வண்டியும் உண்டு. ஏறும் முன் கண்டக்டரிடம் “நாகலாபுரம் போகுமா?” என்று கேட்டுவிடுங்கள். ஊத்துக்கோட்டையிலிருந்து சுருட்டப்பள்ளி கூப்பிடு தூரம். கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டுக்குள் வரும் ஜீரோ பாயின்ட்டும் இந்தப் பகுதியில்தான். வாடகைக் கார் என்றால் ஆந்திர பர்மிட் இருக்கிறதா என்று முந்தைய இரவே டிரைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் போய் அதைத் தேடினால் காலை நடை சாத்திவிடும். இரண்டு ஊரும் 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். பழைய பலகைகளில் சித்தூர் என்றிருந்தால் குழம்ப வேண்டாம். கடையிலும் கோயிலிலும் தமிழே போதும்.

சுருட்டப்பள்ளியில் வால்மீகேஸ்வரர், மரகதாம்பிகை சந்நிதிகள் இருந்தாலும் எல்லோரும் தேடி வருவது பள்ளிகொண்டீஸ்வரரை. பெருமாள்தான் சயனத்தில் இருப்பார், இங்கே சிவன். ஆலகாலத்தை உண்டுவிட்டுக் கயிலைக்குத் திரும்பும் வழியில் அசதி மேலிட, அம்பிகையின் மடியில் தலை வைத்துப் படுத்தார் என்பது தலபுராணம். என்ன ஆயிற்றோ என்று பதறி ஓடி வந்த சுரர்கள், அதாவது தேவர்கள், கூடிய இடம் என்பதால் சுரர்பள்ளி, பேச்சுவழக்கில் சுருட்டப்பள்ளி. வாசலில் துவாரபாலகர்களுக்குப் பதில் குபேரனின் நிதிகளான சங்கநிதியும் பதுமநிதியும் தம் தேவியரோடு நிற்கிறார்கள். உள்ளே கண்ணை முதலில் ஈசன் மேல் வைப்போம். இரண்டாவது பார்வையைச் சுற்றி நிற்பவர்கள் மேல் வையுங்கள். பிரம்மா, விஷ்ணு, இந்திரன், நாரதர், தும்புரு, சூரிய சந்திரர், முனிவர்கள். ஒருவர் கையிலும் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. அவர் கண் திறக்கட்டும் என்று நிற்கிறார்கள். வந்திருக்கும் பெற்றோர்களும் அந்த வரிசையின் நீட்சியாகத்தான் நிற்கிறார்கள். படுத்திருப்பவர் சுண்ணாம்புச் சாந்தால் ஆன சுதை வடிவம் என்பதால் அபிஷேகம் கிடையாது, தைலக்காப்புதான். பால் பாக்கெட்டை வால்மீகேஸ்வரருக்குக் கொடுங்கள்.

தட்சிணாமூர்த்தி இங்கே தனியாக இல்லை. தேவி அணைத்தபடி உடனிருக்கும் தாம்பத்ய தட்சிணாமூர்த்தி. மற்ற ஊர்களில் சனகாதி முனிவர்களோடு மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிது. இவருக்கு மஞ்சள் துணியும் கொண்டைக்கடலை மாலையும் சாற்றுவது வழக்கம். உண்மையில் இரண்டும் நவகிரக வியாழனுக்கு உரியவை. குரு என்ற ஒரே சொல்லால் கல்லால மரத்தடி குருவுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. ஆகமம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் அர்ச்சகர் வாங்கிச் சாற்றுகிற இடத்தில் நாம் வழக்காட வேண்டியதில்லை.

மாலையை வீட்டிலேயே கோர்ப்பது நல்லது. 108 கடலைக்கு 50 கிராம் எடுத்தால் உடைவது போக மிஞ்சும். முதல் நாள் இரவு 8 மணி நேரம் ஊறினால் போதும். குறைவாக ஊறினால் ஊசி இறங்காது, அழுத்தினால் பருப்பு இரண்டாகப் பிளக்கும். அதிகமானால் தோல் கழன்று வழுக்கும். தண்ணீரை வடித்துத் துணியில் பரப்பி ஒரு மணி நேரம் ஈரம் வாங்கவிட்டுக் கோருங்கள். மூக்குப் பக்கத்தில் ஊசி குத்தக் கூடாது. இரு பருப்பும் சேரும் கோடு அதில் ஓடுகிறது, அங்கேதான் வாய் பிளக்கும். பக்கவாட்டில், கோட்டுக்குக் குறுக்காகக் குத்தினால் இரண்டு பருப்பையும் ஊசி சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இரட்டை நூலாக 3 மீட்டர் வெட்டினால் முடிச்சுக்கும் மிஞ்சும். பிளாஸ்டிக் கவரில் கட்டாதீர்கள். ஆடி வெயிலில் இரண்டு மணி நேரத்தில் பிசுபிசுத்து வாடை வந்துவிடும். வாழை இலையில் சுற்றி, மேலே ஈரத் துணி.

அர்ச்சனைக்குப் பிள்ளையின் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்பார்கள். கட்-ஆஃப்பைத் தசம புள்ளியோடு சொல்லும் அப்பாக்கள் நட்சத்திரம் கேட்டதும் மனைவி முகத்தைப் பார்ப்பதை இங்கே அடிக்கடி காணலாம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோத்திரம் தெரியாதவர்கள் இங்கே சிவ கோத்திரம், நாகலாபுரத்தில் விஷ்ணு கோத்திரம் என்று சொன்னால் போதும்.

சுவாமி பாதத்தில் வைக்க மதிப்பெண் பட்டியலைக் கொண்டு வருபவர்கள் நகலை மட்டும் கொண்டு வாருங்கள். குங்குமமும் எண்ணெயும் சேர்ந்த கறை காகிதத்தை விட்டுப் போகாது. மாற்றுச் சான்றிதழையும் கொண்டு வராதீர்கள்; கல்லூரியில் சேரும் நாளில் கேட்பது அதன் அசலை. அது தொலைந்தால் தாலுகா அலுவலகம், காவல் நிலையம் என்று அலைய வேண்டும்.

இங்கிருந்து நாகலாபுரம் அரை மணி நேரம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரில் அமைத்த ஊர். வேதநாராயணர் கோயில் இப்போது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பொறுப்பில் இருக்கிறது. சோமகாசுரன் வேதங்களைத் திருடிக் கடலில் ஒளித்தான், பெருமாள் மீனாக இறங்கி மீட்டார். மூலவர் இடுப்புக்கு மேல் திருமால், கீழே மச்சம். ஆனால் நீங்கள் போகும்போது வஸ்திரம் சாற்றியிருப்பதால் மீன் வடிவம் தெரியாமல் போகலாம். அர்ச்சகர் தீபத்தைக் கீழே இறக்கும்போது பார்வையைத் திருவடிப் பக்கம் வைத்திருங்கள். மேற்கு பார்த்த சந்நிதி. பங்குனியில் 3 நாள் மாலைச் சூரியன் திருவடி, மார்பு, நெற்றி என்று நாளுக்கு ஓர் இடத்தில் படும் சூரிய பூஜைதான் இந்த ஊரின் பெருவிழா. அது மார்ச்சில், தேர்வு நேரத்தில் வருவது. இந்தப் பெருமாளுக்குத் துளசி மாலை போதும்.

இரண்டு கோயிலும் நண்பகலில் நடை சாத்தி மாலை 4 மணி வாக்கில்தான் திறக்கும். சாதாரண வியாழன் என்றால் விடியலில் கிளம்பிச் சுருட்டப்பள்ளி முதலில், நாகலாபுரம் அடுத்து. மதியச் சாப்பாட்டுக்கு ஊத்துக்கோட்டை. பிரதோஷ நாள் என்றால் தலைகீழ்: காலையில் நாகலாபுரம், மாலை நாலரைக்குள் சுருட்டப்பள்ளி.

பிள்ளைக்கு வர விருப்பமில்லை என்றால் இழுத்து வராதீர்கள். வரிசையில் முன்னால் நிற்பவர் “உங்க பொண்ணு கட்-ஆஃப் எவ்ளோங்க?” என்று கேட்காமல் இருக்கமாட்டார், அந்தப் பிள்ளைக்கு அதுவே மூன்று மாதமாகக் கேட்டுச் சலித்த கேள்வி. வீட்டில் இருக்கட்டும், பதிவு செய்த கைபேசியோடு.

சாற்றிய மாலையைத் திருப்பிக் கொடுத்தால் அன்று இரவே உருவி, நான்கு விசில் விட்டு, கடுகு, மிளகாய், தேங்காய்ப்பூ போட்டுத் தாளித்துவிடுங்கள். மறுநாள்வரை வைத்தால் புளித்துவிடும். நூல் துணுக்கு எதிலும் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் ஒரு முறை அளைந்து பாருங்கள்.