அடிமை ஒழிப்பில் விடுபட்ட யாழ்ப்பாணம்

பிரித்தானியா 1833இல் அடிமைமுறையை ஒழித்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், அந்தச் சட்டத்தின் 64ஆம் பிரிவை ஒருக்கால் பார்க்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப் பகுதிகள், இலங்கை, சென் ஹெலெனா ஆகியவற்றுக்கு இது செல்லாது என்கிறது அது. கரிபியன் தீவுகளில் 'பயிலுநர்' என்ற பெயரில் நீடித்த கட்டாய வேலையும் 1838 ஓகஸ்ட் 1இல் முடிந்தது. யாழ்ப்பாணத்திலோ 1844 டிசம்பர் வரை சட்டப்படி அடிமைகள் இருந்தார்கள்.

இலண்டனில் 1787இல் 12 பேர் கூடித் தொடங்கிய குழுவின் முதல் இலக்கு அடிமை வியாபாரம். 1807இல் அது தடையானது. 1823இல் உருவான சங்கம் 'படிப்படியான ஒழிப்பு' என்பதைத் தன் பெயரிலேயே வைத்திருந்தது. உடனே ஒழியுங்கள் என்று 1824இல் துண்டுப்பிரசுரம் எழுதியவர் எலிசபெத் ஹெய்ரிக். 1830இல் சங்கம் 'படிப்படியான' என்பதைக் கைவிட்டது. இங்கே யாழ்ப்பாணத்தில் அரசாங்கம் அதை விடவேயில்லை.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் ஆக்கியபோது கோவியர், சாண்டார், நளவர், பள்ளர் என நான்கு பிரிவினரை அடிமைகளாகக் குறித்தார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதே தேசவழமைக்குச் சட்ட வலு கொடுத்தார்கள். விடுதலை பேசிய ஆட்சியே உரிமைப் பத்திரத்தையும் புதுப்பித்துக் கொடுத்தது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

1816இல் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் யூரர் பட்டியலில் இருந்த எசமான்களைச் சம்மதிக்க வைத்தார். அந்த ஆண்டு ஓகஸ்ட் 12 முதல் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று அவர்கள் ஒப்பினார்கள். மன்னருக்குப் பதிலாக ஆண்ட இளவரசப் பதிலாளரின் பிறந்தநாள் என்பதால் அந்தத் தேதி. ஆனால் இது மனமுவந்த ஒப்பந்தம். ஒப்பாதவரை ஒன்றும் செய்ய முடியாது. 1818இன் 9ஆம் ஒழுங்குவிதி யாழ்ப்பாணத்து அடிமைகளைப் பெயர் பெயராகப் பதியச் சொன்னது.

கவனமாகப் படிக்க வேண்டியது 1821இன் 8ஆம் ஒழுங்குவிதி. அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பெண் குழந்தையை அரசாங்கமே விலைக்கு வாங்கி விடுவிக்கும்: கோவியப் பிள்ளைக்கு 3 இறைசால் (அக்கால நாணயம்), நளவ, பள்ளப் பிள்ளைக்கு 2. ஏன் பெண்பிள்ளை மட்டும்? தேசவழமைப்படி பிள்ளை தாயின் எசமானுக்கே சேரும். தகப்பன் யாருடைய ஆள் என்பது பொருட்டில்லை. தாய்வழியை அறுத்தால் அடுத்த தலைமுறை தானாக விடுபடும், செலவும் பாதி.

கணக்கில்தான் ஓட்டை. 1820இல் பிறந்த ஒரு பெண்ணை எடுங்கள். அவளுக்கு இந்த விதி கிடையாது. 1860 வரையும் அவள் பிள்ளை பெறக்கூடும். பெறும் மகள் சுதந்திரி, மகன் அடிமை. அந்த மகன் 60 வயது வரை வாழ்ந்தால் 1920. ஒரே வீட்டில் தங்கை சுதந்திரமாகவும் அண்ணன் உடைமையாகவும் வளர வேண்டும். இதை வகுத்தவர்கள் இவ்வளவு தூரம் கூட்டிப் பார்த்தார்களா என்பது சந்தேகம்.

அடுத்து 1837இன் கட்டளைச் சட்டம் மீள்பதிவு கேட்டது. பதியாத ஆள்மேல் எசமானுக்கு உரிமை இல்லை. பலர் பதியவில்லை. மனம் மாறியதால் என்று நான் நம்பவில்லை. பதிந்தாலும் பதியாவிட்டாலும் அதே ஆட்கள்தான் அதே புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்தார்கள். பிறகு பதிவதற்காக அரசாங்கக் கச்சேரிக்கு ஏன் நடக்க வேண்டும்?

கடைசியில் 1844இன் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அடிமைமுறையை முற்றாக நீக்கியது. விடுபட்டவருக்கு அது ஒரு பரப்புக் காணிகூடக் கொடுக்கவில்லை. இதில் யாழ்ப்பாணம் தனியல்ல: 1833இல் ஒதுக்கிய 2 கோடி பவுண் நட்டஈடும் எசமான்களுக்கே போனது. ஆனால் இங்கே குடிலும் கிணறும் பனையும் எசமானின் வளவுக்குள் இருந்தன. வேலைக்கு வர மறுத்தவரை எழுப்பிவிட அடிமைச் சட்டம் தேவைப்படவில்லை. காணி உறுதி போதும். சாதியைக் காட்டிக் கோயிலிலும் தேநீர்க்கடையிலும் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வர 1957 ஆனது.